சென்டர் அண்ணனின் தேகப்பயிற்சி

மதுரையில் தினமும் விளையாடியே உடம்பைப் பெருக்கிய ஒரே மனிதர் எங்கள் சென்டர் அண்ணன்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில், வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துப் பொட்டலில் சாயங்காலம் பூப்பந்து ஆடுவோம். அணிக்கு ஐந்து பேர். நடுவில் நிற்பவர் அண்ணன். நிற்பவர் என்று தெரிந்துதான் சொல்கிறேன். கைக்கெட்டும் பந்தை அழகாக அடிப்பார். ஓரடி தள்ளி வந்தால், "மாப்ள, அது உனக்கு" என்று என்னைப் பார்ப்பார். நான் ஓடுவேன்.

நெஞ்சு பலவீனம், உடம்பை அசைக்காவிட்டால் அதிக நாள் தாங்காது என்று எல்.எம்.பி. டாக்டர் எச்சரித்த பிறகுதான் அவர் மட்டையைத் தொட்டார். கோரிப்பாளையத்திலிருந்து ஜட்காவில் வருவார், ஜட்காவில் போவார். ஆட்டம் முடிந்ததும் உளுந்தவடை. "உழைச்ச உடம்புக்கு எதாச்சும் குடுக்கணும்ல" என்பார். ஜட்கா ஏறும் முன் சட்டையில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிக்கொள்வார். அதை வியர்வை என்று நம்பிய மதினி, ராத்திரிச் சோற்றில் நெய்யைத் தாராளமாக விடுவாராம்.

தினமும் ஆடுகிறவருக்குத் தொந்தி ஏன் ஏறுகிறது என்று டாக்டருக்கு மண்டை குடைந்தது. ஒருநாள் பொட்டலுக்கே வந்துவிட்டார். கோட்டுக்கு வெளியே இப்படியும் அப்படியும் நடந்தபடி முழு ஆட்டத்தையும் பார்த்தார்.

"ஐயா, நீங்க ஆடுனதைவிட வேடிக்கை பார்த்த நான் அதிகமா நடந்திருக்கேன். ஆட்டம் வேண்டாம், நடங்க. இல்லேன்னா உங்க வீட்டம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அண்ணன் முகம் வாடிவிட்டது. "நடக்கையில யாரு டாக்டர் எனக்குப் பந்து போடுவா?" என்று கேட்டார். எங்களில் யாரும் சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து வைகை மணலைக் கடந்து நடந்தே வந்தார். சட்டை நனைந்திருந்தது, இந்த முறை செம்பு இல்லாமல். மட்டையைத் தொடாமல் ஓரமாக உட்காருவார். அவர் இடத்தைக் காலியாக விட்டு நாங்கள் நால்வரும் ஆடினோம், விடாமல் தோற்றோம்.

"சென்டர்ல ஒரு ஆளப் போடுங்கப்பா. இன்னும் எம்புட்டு நாளைக்குத் தோப்பீக?"

"போட்டாச்சுண்ணே. ஆளு நடந்து வந்துக்கிட்டிருக்காரு" என்றேன்.

அவர் துண்டை எடுத்து வெகுநேரம் முகம் துடைத்தார்.

வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்குத் தொந்தி கரைந்த பிறகு, நடையை விடக்கூடாது என்ற நிபந்தனையோடு டாக்டர் ஆட அனுமதித்தார். அன்று அண்ணன் தன் பழைய இடத்தில் வந்து நின்றார். முதல் பந்து அவருக்கு ஓரடி தள்ளி வந்தது. இளைத்த மனிதர், பாய்ந்து எடுப்பார் என்று நினைத்தேன். அசையவில்லை.

"மாப்ள, அது உனக்கு."

கண் கலங்கியதில் எனக்குப் பந்தே தெரியவில்லை. ஆனாலும் ஓடினேன்.