குழாய்க்குப் பயந்து ஸ்கேனுக்குப் போன கதை

அன்புத் தம்பி கிளைவுக்கு,

அண்ணன் நெவில் எழுதுவது. நானும் உன் அண்ணி நோரினும் இங்கே சுகம். கோதுமை முழங்கால் உயரம் வந்துவிட்டது, நாய்க்கு மட்டும் காலில் முள். மில்டுராவில் நீயும் உன் திராட்சைக் கொடிகளும் சௌக்கியம்தானே? போனில் இந்த விஷயத்தை எடுத்தாலே நீ கிரிக்கெட்டுக்குத் தாவிவிடுகிறாய். அப்பா குடல் புற்றுநோயில் போனபோது வயது ஐம்பத்தெட்டு. வரும் மார்ச்சில் உனக்கும் அதே வயது. அதனால்தான் கடிதம், இதில் நீ குறுக்கே பேச முடியாது.

அரசாங்கம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தபாலில் அனுப்பும் அந்த மலப் பரிசோதனைப் பெட்டியை நீ எங்கே ஒளித்து வைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அங்கேதான் வைத்திருந்தேன், கொட்டகையில், ஆட்டு மருந்து டப்பாக்களுக்குப் பின்னால். நோரின் கண்டுபிடித்துவிட்டாள். சரி, செய்தேன். அனுப்பும் வரை எடுத்த மாதிரியைக் குளிர்ந்த இடத்தில் வைக்கச் சொல்லியிருந்தார்கள், பிரிட்ஜில் வைத்தேன். "ஏய் நெவில், வெண்ணெய்க்குப் பக்கத்துலயா வெப்ப? உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?" என்று கத்தினாள். அன்றே அந்த வெண்ணெய் குப்பைக்குப் போனது, புதிது வந்தது. பதிலும் வந்தது: ரத்தம் தெரிகிறது.

டாக்டர் ஹாலரன் அம்மாள் நேராகப் பின்வழியே குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கலாம் என்றார். நான் அவசரமாக வேறு வழி தேடினேன்.

"ஸ்கேன்ல பாக்க முடியாதா டாக்டர்?"

"பாக்கலாம். ஆனா ஸ்கேன் பாத்துச் சொல்றதோட சரி. குழாய்னா பாத்த கையோட பாலிப்பை வெட்டியும் எடுத்துடலாம். சின்னது, தட்டையா இருக்கறது எல்லாம் ஸ்கேன் கண்ணுக்குத் தப்பிடலாம். ஏதாவது தெரிஞ்சா மறுபடி குழாய்க்குத்தான் வரணும்."

பாலிப் என்றால் குடலின் உட்சுவரில் முளைக்கிற சதைமொட்டு. பெரும்பாலும் சாது. சிலது மட்டும் வருஷக்கணக்கில் இருந்து புற்றாகிவிடும். இவ்வளவும் கேட்ட பிறகும் நான் அடம்பிடித்து ஸ்கேனே வாங்கினேன்.

குழாய் இல்லையென்றால் பேதி மருந்தும் இல்லை என்று நினைத்தேன். அதுவும் உண்டு, குடம் குடமாக. அதற்கு முன்பு சிவப்பாக எதையும் தின்னக்கூடாது என்று காகிதத்தில் போட்டிருந்தது. ஜெல்லியைத்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, பட்டினிக்கு முன் கடைசி விருந்தாக இரண்டு பர்கர் தின்றேன். மறுநாள் மருந்து வேலை செய்தபோது கழிப்பறைத் தொட்டியெல்லாம் சிவப்பு. என் கதை முடிந்தது என்றே நினைத்தேன். உட்கார்ந்த இடத்திலேயே உயில் எழுதினேன். மீன்பிடிப் படகு உனக்கு. நோரின் எட்டிப் பார்த்தாள். "பீட்ரூட்டுடா மடையா! பர்கர்ல ரெட்டிப்பா வெக்கச் சொல்லித் தின்னது நீதானே?" படகு திரும்ப எனக்கே.

ஸ்கேன் அறையில் நர்ஸ் கையில் விரல் நீளத்துக்கு ஒரு குழாய். குடலுக்குள் காற்று ஏற்றினால்தான் படம் தெரியுமாம். "குழாய் வேணாம்னுதானம்மா இங்க வந்தேன்" என்றேன். "பயப்படாத செல்லம், இது குட்டி" என்றாள். மல்லாந்து படுத்தேன், குப்புறப் படுத்தேன், ஊதிப்போய் வீடு வந்தேன். ஒரு பாலிப் தெரிந்தது. ஆகவே மறுபடி பேதி மருந்து, மறுபடி பட்டினி, கடைசியில் அந்தக் குழாயேதான்.

கேள் கிளைவ். தூங்க ஊசி போட்டார்கள். நோரினிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், கண் விழித்தால் முன்னால் டீயும் முட்டை சாண்ட்விச்சும். அவ்வளவுதான்! மூன்று எடுத்திருந்தார்கள். ஒன்று ஸ்கேன் காட்டியது, மற்ற இரண்டும் அதற்குத் தெரியாமல் தட்டையாகப் படுத்திருந்தவை. எதிலும் புற்று இல்லை. பெரியதை விட்டிருந்தால் சில வருஷத்தில் மாறியிருக்கலாம் என்றார் டாக்டர் அம்மாள். வண்டியில் ஏறியதும் அழுதுவிட்டேன். அப்பாவுக்குக் கிடைக்காத வருஷங்கள் எனக்குக் கிடைத்துவிட்டன. உனக்கும் கிடைக்க வேண்டும்.

இருந்தாலும் உன் உடம்பு, உன் முடிவு. நான் வற்புறுத்த மாட்டேன். நீயும் வெண்டியும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்

உன் அண்ணன்,
நெவில்

பின்குறிப்பு: வற்புறுத்த மாட்டேன் என்றது பொய். உன் மனைவி வெண்டி பதினேழாம் தேதிக்குக் குழாய்க்கே இடம் வாங்கிவிட்டாள், உன்னிடம் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை. பதினாறாம் தேதி காலை வந்துவிடுவேன். மருந்தை நீ தனியாகக் குடிக்க வேண்டாம், துணைக்கு நானும் குடிக்கிறேன். உங்கள் வீட்டில் கழிப்பறை ஒன்றுதான் என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. மூத்தவன் நான், எனக்குத்தான் முதலில்.