ஆறு எட்டில் ஒரு பரீட்சை

இந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாடகர் குழுவுக்கு முன்னால் நின்று, கையசைத்துத் தாளம் காட்டப்போவது தான்தான் என்று கிறிஸ்டோபர் தீர்மானித்துவிட்டார். கோட்டு கூடத் தைக்கக் கொடுத்தாயிற்று. செவிலிமேட்டுச் சபையில் வருஷக்கணக்காக மூலையில் உட்கார்ந்து கீபோர்டு வாசித்தவர். மூலையில் இருப்பவனை எந்தப் போட்டோவிலும் பாதிதான் எடுக்கிறார்கள். அது அவருக்குப் பெரிய வருத்தம்.

சிக்கல் என்னவென்றால், அதே இடத்தை அவர் மனைவி அம்சாவும் கேட்டாள். "வீட்டுலயே பேசி முடிச்சிக்கோங்க" என்று பாஸ்டர் நழுவிவிட்டார். விவரமான மனுஷன்.

மூளையைக் கசக்கி, கிறிஸ்டோபர் ஒரு பரீட்சை வைத்தார்.

"இதுக்குப் பேரு டைம் சிக்னேச்சர், அம்சா. பாட்டு தொடக்கத்துல ஒண்ணுமேல ஒண்ணா ரெண்டு நம்பர் இருக்குது பாரு. மேல இருக்கறது ஒரு கட்டத்துக்கு எத்தினி அடின்னு சொல்லும். கீழ இருக்கறது அந்த அடி எந்த அளவு நோட்டுன்னு சொல்லும்."

"கட்டம் போட்ட பொடவையில கட்டத்துக்கு இத்தினி இழைன்னு எண்ணிக்கினு நெய்யறாங்களே, அப்பிடியா?"

"அதேதான். ஃபோர் ஃபோர்னா நாலு நாலா போவும். த்ரீ ஃபோர்னா மூணு மூணா. சிக்ஸ் எயிட்னா கட்டத்துக்கு ஆறு. ஆனா அழுத்தம் ஒண்ணுலயும் நாலுலயுந்தான். மும்மூணா ரெண்டு வீச்சு. நான் மூணு பாட்டு வாசிக்கிறேன். எல்லாம் சரியா சொல்லிட்டினா நீ நில்லு. ஒண்ணு தப்புனாலும் நான்."

"சரிங்க."

அம்சா இவ்வளவு லேசில் 'சரிங்க' சொன்ன எந்த நாளும் கிறிஸ்டோபருக்கு நல்லபடியாக முடிந்ததில்லை. சந்தோஷத்தில் அது அவருக்கு உறைக்கவில்லை. ஆறு எட்டையும் மூணு நாலையும் பிரிக்கத் தெரியாமல் குழுவில் பாதிப் பேர் முழிப்பதை அவர் பார்த்திருக்கிறார்.

அம்சா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தாள். அவர் வாசித்தார்.

"ஃபோர் ஃபோர்."

அடுத்தது.

"த்ரீ ஃபோர்."

சிரித்துக்கொண்டே மூன்றாவதை எடுத்தார்.

"சிக்ஸ் எயிட். போதுமாங்க?"

கிறிஸ்டோபரின் விரல்கள் அப்படியே நின்றன. "எப்பிடி கண்டுபுடிச்ச?"

"உங்க காலப் பாத்தேன். மொத அடிக்கு குதிகாலு, மத்ததுக்கு கட்டைவெரலு. நாலு தட்டினீங்க, மூணு தட்டினீங்க, கடைசியில ரெண்டு. ரெண்டு வீச்சுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"இது காப்பி அடிக்கறது."

"காதாலதான் கண்டுபுடிக்கணும்னு சொல்லலியே."

கிறிஸ்டோபர் கடைசியாக ஒரு மடக்கு மடக்கிப் பார்த்தார். "சர்ச்சுல இன்னா பண்ணுவ? அங்க யார் காலப் பாப்ப?"

"இதே காலத்தான். கீபோர்டு நீங்கதான? மூலையில வேணாம், எனக்கு நேர் எதிர்ல போட்டுக்கோங்க. பேண்ட்ட ரெண்டு மடிப்பு மடிச்சி விட்டுக்கினு உக்காருங்க."

கிறிஸ்துமஸ் காலையில் அம்சா பட்டுப்புடவையில் கம்பீரமாகக் கையசைத்தாள். கிறிஸ்டோபர், வெள்ளத்தில் நடக்கப்போகிறவர் மாதிரி பேண்ட்டை மடித்துக்கொண்டு கால் தட்டினார். அவர் காலைப் பார்த்து அவள் கை போயிற்று, அவள் கையைப் பார்த்துச் சபை பாடிற்று. ஓர் இடத்தில்கூடப் பிசகவில்லை. எல்லாம் தன் காலில்தான் நடக்கிறது என்று அவருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் வந்து அவர் தோளைத் தட்டினார்.

"இத்தினி வருஷத்துல இன்னைக்குத்தான் பிரதர் நீங்க தாளம் தப்பாம வாசிச்சிருக்கீங்க. சிஸ்டர் எதிர்ல நின்னாத்தான் உங்களுக்கு ஒழுங்கா வருது."