தலைவர் வீட்டுப் புல்தரை

இனி எங்கள் தெருவில் எந்தத் தோட்டத்துக்கும் வாரம் ஒரு முறைதான் தண்ணீர் என்று தீர்மானம் கொண்டுவந்தவன் நான். வழிமொழிந்தவர் எதிர் வீட்டு ரயில் டிரைவர். உண்மையில் அவர் சோம்பல் முறிக்கத்தான் கையைத் தூக்கினார். ஆதரவு என்று எழுதிக்கொண்டேன்.

தெருவில் இருபத்திரண்டு வீடு. எல்லாருக்கும் ஒரே ஆழ்துளைக் கிணறு, ஒரே மேல்தொட்டி. கோடை வந்தால் மோட்டார் தண்ணீரை விடக் காற்றைத்தான் அதிகம் இறைக்கும். தெருச் சங்கத்தின் தலைவன் என்ற முறையில், ஒரு சொட்டைக்கூட வீணாக்கக் கூடாது என்று இருபது நிமிஷம் பேசினேன். நடுவில் தொண்டை வறண்டு மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

தீர்மானம் எல்லாம் சரி. சிக்கல் என் வீட்டு வாசலில் இருந்தது. கேட்டுக்கும் கதவுக்கும் நடுவே இருபதடிக்குப் பன்னிரண்டடி புல்தரை. நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். நாள் முழுக்க நின்றுகொண்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று கேட்டுக் கேட்டு வீடு திரும்புவேன். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் புல்லில் பத்து நிமிஷம் நிற்பேன். நான் கால் வைத்தால் வளைந்து கொடுப்பது எங்கள் வீட்டில் அது ஒன்றுதான்.

ஐந்து நாள் தீர்மானப்படி நடந்தேன். ஐந்தாம் நாள் மாலை புல்லின் நுனி மஞ்சளாகிவிட்டது. ஆறாம் நாள், சூரியனுக்கு முன்னால் எழுந்து குழாயைக் கொஞ்சமாகத் திறந்தேன். மேலாக ஒரு நனைப்பு, அவ்வளவுதான். மறுநாளும் மேலாக ஒரு நனைப்பு. பிறகு அது தினசரி வேலையாகிவிட்டது. ஒவ்வொரு நாளும் அன்றைக்கு மட்டும்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு என் பேச்சில் எப்போதும் நம்பிக்கை உண்டு.

என் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஒரு சொட்டை வைத்து ஆளின் மொத்த சரித்திரத்தையும் எழுதித் தருபவள். அவளிடம் நான் தினம் நூறு லிட்டரை மறைக்கப் பார்த்தேன்.

"செருப்பு ஏங்க ஈரமா இருக்கு?"

"பனிம்மா."

"இந்த வெயில்லயா?"

"விடிகாலைப் பனி. நீ தூங்கிட்டு இருப்ப, உனக்குத் தெரியாது."

"உங்க செருப்புக்கு மட்டும் பெய்யுதா?"

"வாசல்ல இருக்கறது அது ஒண்ணுதானே."

அவள் மேலே எதுவும் கேட்கவில்லை. அதோடு விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். அவள் வேலை பார்க்கும் இடத்திலும் அப்படித்தானாம். நோய் ஒன்றும் இல்லாதவர்களிடம் கூடத்துக்காரர்கள் நிறையப் பேசுவார்கள். ஏதாவது இருந்தால் பேசாமல் கவரை ஒட்டி டாக்டரிடம் அனுப்பிவிடுவார்கள்.

மூன்றாம் வாரம் தெருவே சணல் சாக்கு விரித்த மாதிரி ஆகிவிட்டது. என் வாசல் மட்டும் கிளிப்பச்சை. அந்த ஞாயிறு சங்கக் கூட்டம் எங்கள் வராந்தாவில் நடந்தது. டிரைவர் புல்தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், எங்க வீட்டுப் புல்லு மேல எல்லாம் காஞ்சு கெடக்கு. உங்களது மட்டும் எப்படி இவ்வளவு பச்சை?"

பத்துப் பன்னிரண்டு தலைகள் என் பக்கம் திரும்பின. நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி டீத் தட்டோடு வந்தாள்.

"அவர் தனியா ஒரு முறை வெச்சிருக்கார் அண்ணே. வாயால சொன்னா புரியாது. அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு எல்லாரும் வாங்க, தோண்டியே காட்டுவார்."

கை தட்டினார்கள். தலைவன் என்ற பழக்கத்தில் நானும் தலையசைத்துவிட்டேன்.

எல்லாரும் போனதும் கேட்டேன். "என்னம்மா முறை?"

"அதைத்தான் நானும் பார்க்கலாம்னு இருக்கேன்."

"சரி, ஹோஸ் பைப்பைக் காணோமே?"

"டிரைவர் வீட்டுக்குக் கொடுத்திருக்கேன். அவங்களோடது ஓட்டையாம்."

"வாளி?"

"கடைசி வீட்டுக்கு."

"ரெண்டு வாளியுமா?"

"ரெண்டும்தான். நாலு நாளா அவங்க வீட்டுக்குத் தண்ணி ஏறலைங்க. கைக்குழந்தை இருக்கற வீடு. அந்தப் பொண்ணு துணி அலச நாலு வீட்டுல தண்ணி வாங்கிட்டுப் போறா."

குரலை உயர்த்தாமல் சொன்னாள். டம்ளர்களை அடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் வராந்தாவில் நின்றேன்.

என் கடைக்கு வருகிறவர்கள் பலருக்குத் தங்கள் பார்வை மங்கியிருப்பது தெரியாது. சரியான கண்ணாடியை மாட்டியதும் எதிர்ச் சுவரைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள். எத்தனை நாளாக இப்படி இருந்தோம் என்று மனசுக்குள் கணக்குப் போடுவார்கள். அன்றைக்கு நானும் போட்டேன். பதினேழு நாள். கடைசி வீட்டின் மாடிக் கொடியில் குட்டிக் குட்டித் துணிகள் தொங்கின. அந்த வழியாகத்தான் தினமும் கடைக்குப் போகிறேன்.

அந்த வாரம் ஒரு சொட்டும் விடவில்லை. விட நினைத்தாலும் கையில் குடிக்கிற டம்ளர்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை புல் சாய்ந்தது. வியாழக்கிழமை பழுத்தது. சனிக்கிழமை கால் வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது.

"உடம்பு சரியில்லைன்னு சொல்லிடட்டுமா?" என்றேன்.

"யாருக்கு, புல்லுக்கா?"

ஞாயிறு பத்து மணிக்குத் தெருவே வந்தது. டிரைவர் ஒரு கையில் ஹோஸ் பைப்பும் இன்னொரு கையில் டிபன் பாக்ஸுமாக வந்தார். கடைசி வீட்டுப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டருகே நின்றாள். காய்ந்து கிடந்த புல்லைப் பார்த்துவிட்டு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மனைவி என் கையில் ஒரு சிறிய மண்வெட்டியைக் கொடுத்தாள்.

மண்வெட்டி தேவைப்படவே இல்லை. புல்லை இரண்டு விரலால் இழுத்தேன். தலைமுடி போல வந்துவிட்டது. வேர் கட்டை விரல் நகத்தளவுதான் இருந்தது.

டிரைவர் டிபன் பாக்ஸைத் திறந்தார். உள்ளே அவர் வீட்டுப் புல் ஒரு கொத்து. மேலே வைக்கோல் நிறம். கீழே ஒரு சாண் நீளத்துக்கு வேர், அதில் ஈரமாக மண்.

"இதை எடுக்கக் கடப்பாரை போட வேண்டியதாப் போச்சு சார். உங்க வீட்டம்மா சொன்ன மாதிரி வாரத்துல ஒரே நாள், ஆனா மெதுவா, ஒரு மணி நேரம் விட்டேன். ஆழமா இறங்கியிருக்கு."

"இது காயலை, தூங்குது" என்றாள் மனைவி. "மழை வந்தா எழுந்துக்கும். தினம் மேல மேல தெளிச்சா வேருக்குக் கீழ போற அவசியமே இல்லை. எல்லாம் வாய்க்கு வந்துடுதில்ல, அது ஏன் கஷ்டப்படணும்?"

அதைச் சொல்லும்போது அவள் புல்லைப் பார்க்கவில்லை. நான் குளித்துவிட்டுக் கூப்பிட்டால் துண்டு வரும். உட்கார்ந்தால் காபி வரும். இருபத்தாறு வருஷமாக வருகிறது. கையில் பிடுங்கிய புல்லோடு நின்றேன்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. "நான் தினமும்..." என்று ஆரம்பித்தேன். மேலே வார்த்தை வரவில்லை. இருபது நிமிஷம் நிறுத்தாமல் பேசுகிற வாய் அது. கேட்டருகே குழந்தை சிணுங்கியது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மனைவி ஒரு அடி முன்னால் வந்தாள்.

"அவரே சொல்லக் கூச்சப்படறார். தினம் கொஞ்சம் கொஞ்சமா விட்டா என்ன ஆகும்னு பார்க்கத் தன்னோட புல்லையே வெச்சுப் பார்த்தார். கடைசி வீட்டுக்குத் தண்ணி குறைஞ்சதுக்கு அதுவும் ஒரு காரணம். அதுக்கு மன்னிப்புக் கேட்கத்தான் எல்லாரையும் வரச் சொன்னார்."

"ஆமா" என்றேன். "மன்னிச்சுக்கம்மா." அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன். அது மட்டும் யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை.

அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, "பரவாயில்லைங்க, வியாழக்கிழமையிலேர்ந்து வருது" என்றாள். டிரைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சொந்தப் புல்லைப் பலி கொடுத்த தலைவர் என்று யாரோ சொன்னார்கள். டிரைவரின் மீசை மட்டும் லேசாக ஆடியது.

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். நாங்கள் இருவரும் வாசல் படியில் உட்கார்ந்திருந்தோம். நன்றி எனக்குத் தொண்டை வரை இருந்தது. எனக்கு நன்றி வந்தால் தாராளமும் கூடவே வந்துவிடும்.

"இந்த இடத்துல உனக்கு என்ன வேணும் சொல்லு. புல்லு வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்."

"ஐயோ, உங்க ஆசைங்க அது."

"பரவாயில்லை. நான் சொன்னா சொன்னதுதான்."

"அப்படிச் சொல்றீங்களா?" கொஞ்சம் யோசித்தாள். "மேற்கு ஓரமா ஒரு நிழல் மரம் வெச்சா வெயில் தணியும். அதுக்குக் கீழ வறட்சி தாங்கற செடியா நாலஞ்சு. குளியலறைத் தண்ணியைத் திருப்பி விட்டா அதுக்கே போதும். காஞ்ச இலையைப் போட்டு மண்ணை மூடிட்டா ஈரம் சீக்கிரம் போகாது. நடுவுல நடக்கறதுக்குக் கல். என்னமோ, இப்பத்தான் தோணுச்சு."

"செஞ்சுடலாம்" என்றேன். இருபத்தாறு வருஷத்தில் ஒரு விஷயத்தையாவது நானாக முடிவு செய்து அவளுக்குக் கொடுத்தது நிம்மதியாக இருந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை கேட்டைத் திறந்தால் நர்சரிக்காரர் நிற்கிறார். தோளில் கடப்பாரை. பின்னால் ஒரு வண்டி நிறையக் காய்ந்த இலையும் மக்கிய உரமும்.

"குழி எடுக்க வந்தேன் சார். மழைக்கு முன்னாடி எடுத்து ஆற விட்டாத்தான் கன்னு பிடிக்கும்."

என் மனைவியின் வேகத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. "நேத்து ராத்திரியே போன் பண்ணிட்டாங்களா?"

"ராத்திரி இல்ல சார். நேத்து காலைல ஏழு மணிக்கே பண்ணிட்டாங்க, நீங்க சாயங்காலம் சம்மதிச்சுடுவீங்கன்னு."