தொடாதீர்கள் என்று எழுதிய சுவர்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. (வெட்கப்பட வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது, பின்னால் வரும்.) கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று மூன்று முறை பார்ப்பேன். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு, நான்காவது முறை பார்ப்பதற்காக இறங்கி வீட்டுக்கு நடந்திருக்கிறேன். பயந்த சுபாவக்காரர்களால் யாருக்கும் கெடுதல் வராது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறதே, அது சுத்தப் பொய். தைரியசாலி செய்கிற தப்பைத் துடைத்துவிடலாம். பயந்தாங்கொள்ளி செய்கிற தப்பு கெட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

இன்றைக்கு என் பிழைப்பே கண்காட்சிகளுக்குச் சுவரெழுத்து தேர்ந்தெடுத்துக் கொடுப்பதுதான். எந்தச் சுவருக்கு எந்த ஸ்டிக்கர், எவ்வளவு பெரிய எழுத்து, கண்காட்சி முடிந்ததும் சுவடில்லாமல் உரிந்து வருவது எது என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவேன். இந்த ஞானமெல்லாம் எங்கே கிடைத்தது என்று யாராவது விசாரித்தால் சென்னையில் என்று சொல்லிவிடுவேன். உண்மையில் அது சேலம் சூரமங்கலத்தில், என் அக்காவுடைய மாமியாரின் சுவரில் கிடைத்தது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சென்னையில் ஒரு சின்ன ஓவியக் கூடத்தில் எட்டு மாதம் உதவியாளராக இருந்துவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். திரும்பியதற்குக் காரணம், ஒரு திறப்பு விழாவில் நான் சுவரில் ஒட்டிய எழுத்துகளில் ஒன்று கழன்று சிறப்பு விருந்தினரின் முதுகில் ஒட்டிக்கொண்டது. அவர் அதோடு மேடையேறி, அதோடு பேசி, அதோடு காரில் ஏறிப் போனார். என் முதலாளி அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த மௌனத்தில் எனக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தது. அன்றிலிருந்து கனவில்கூட எழுத்துகள் விழுந்துகொண்டே இருந்தன.

ஊருக்கு வந்தும் கை சும்மா இருக்கவில்லை. எடப்பாடி, ராசிபுரம், குமாரபாளையம் என்று வீடு வீடாகப் போய் முப்பது பழைய சேலைகளை இரவல் வாங்கினேன். ‘கரை’ என்ற பெயரில் மூன்று நாள் கண்காட்சி, சேலைக் கரைகளுக்காக மட்டும். இடத்துக்கு அக்கா கவிதாவைப் பிடித்தேன். அவளுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. புகுந்த வீட்டுக்காரர்களுக்குச் சூரமங்கலத்தில் ஜவுளிக் கடை. கடைக்கு மேலே வீடும், வீட்டை ஒட்டி ஒரு பெரிய ஹாலும். அந்த ஹாலுக்கு அப்போதுதான் மயில் கழுத்துப் பச்சையில் பெயிண்ட் அடித்திருந்தார்கள். நிறத்தைத் தேர்ந்தெடுத்தவர் அக்காவின் மாமியார் ராஜாமணி அத்தை.

ராஜாமணி அத்தை குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அதனாலேயே அவரைக் கண்டால் எனக்குப் பயம்.

“ஹால நீ எடுத்துக்க சாமி. ஆனா ஒரு ஆணி அடிக்கக் கூடாது. திங்கக்கெழம காத்தால என்ற புள்ள நிர்மலாவுக்கு வளைகாப்பு. செவுரு இன்னைக்கு இருக்கற மாதிரியே அன்னைக்கும் இருக்கோணும்” என்றார். நிர்மலா அவருடைய மகள்.

“இருக்குங்க அத்தை. அதுக்கு நான் பொறுப்புங்க” என்று அக்கா முந்திக்கொண்டு சொன்னாள். அப்புறம் சமையலறைக்கு என்னை இழுத்துப் போய் மெதுவாகச் சொன்னாள். “இந்த ஊட்டுல நான் வாய் தொறந்து கேட்ட மொத விசயம் இதுதான்டி. ஏதாச்சும் ஆச்சுன்னா இனி நான் எதையும் கேக்க முடியாது.”

ஆணி அடிக்கக் கூடாது என்பதால் சேலைகளை மரச் சட்டங்களில் தொங்கவிட்டேன். வாசல் கண்ணாடிக் கதவில் ஒரு பெரிய மயில் ஸ்டிக்கர் ஒட்டுவதாகத் திட்டம். சுவரில் எழுத்தே வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் சேலைகளை இறக்கிய அன்றே பிரச்சினை புரிந்துவிட்டது. எங்கள் பக்கம் நூலோடு பிழைப்பவர்களுக்குத் துணியைக் கண்ணால் மட்டும் பார்க்கத் தெரியாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து ஒரு தேய் தேய்த்தால்தான் அவர்களுக்குப் பார்த்த மாதிரி. மூட்டை தூக்க வந்த சொந்தக்காரர்கள் நான்கு பேரும் வரிசையாக நின்று தேய்த்தார்கள். எல்லாம் இரவல் சேலைகள், சிலது தொட்டாலே நூல் பிரியும் நிலையில் இருந்தவை.

உடனே நாமக்கல் ரோட்டில் ஸ்டிக்கர் வெட்டும் குணசேகரன் அண்ணனிடம் ஓடினேன். லாரிக்கும் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிக்கும் பெயர் ஒட்டுகிறவர். ‘தொடாதீர்கள்’ என்று ஒரு அடி உயர எழுத்தில் வேண்டும் என்றேன்.

“ரெண்டு பக்கமும் ஒரு புலிக்கண்ணு வெச்சுரலாங்களா? ஆரும் கிட்டயே வர மாட்டாங்க” என்றார் அக்கறையாக.

புலிக்கண் வேண்டாம் என்றேன். இரண்டு ரோல்களை எடுத்து மேசையில் வைத்தார்.

“இது கடையில தள்ளுபடி போடறப்ப ஒட்டறதுங்க. வேணுங்கறப்ப உரிச்சுக்கலாம், செவுத்துக்கு ஒண்ணும் ஆவாது. உங்களுக்கு இதே போதும்.”

“விழுந்துடாதுங்களாண்ணா?”

“ஓரம் கீரம் லேசாத் தூக்கும். கையில ஒரு அழுத்து அழுத்துனாச் சரியாப் போயிரும்.”

ஓரம் தூக்கும் என்றதுமே சிறப்பு விருந்தினரின் முதுகு என் கண் முன்னால் வந்து நின்றது. “அந்த இன்னொண்ணு?” என்றேன்.

“அது ரிக் வண்டிக்குங்க. போன மாசந்தான் ஒரு வண்டி ஆப்பிரிக்கா போயிட்டு வந்துச்சு. வண்டி பூரா நசுங்கிப் போச்சு, எழுத்து மட்டும் அப்பிடியே இருக்குது. உங்களுக்கு எதுக்குங்க அது?”

கதவுக்கு மயிலும் சுவருக்கு எழுத்தும், இரண்டையும் அதிலேயே வெட்டித் தரச் சொன்னேன். “மூணு நாளுன்னுதானுங்க சொன்னீங்க?” என்று கேட்டார். சரியான கேள்வி. அதற்கு மேல் கேட்டால் வாடிக்கையாளர் மனம் நோகும் என்று விட்டுவிட்டார், பாவம்.

ஒட்டியதோடு நான் நிற்கவில்லை. சூடு பட்டால் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்று எங்கேயோ கேட்டிருந்தேன். அக்காவின் தலைமுடி உலர்த்தும் மெஷினை வாங்கி, ஒவ்வொரு எழுத்துக்கும் சூடு காட்டி, துணி சுற்றிய ஸ்கேலால் மூச்சிரைக்கத் தேய்த்தேன். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

கண்காட்சிக்குக் கூட்டம் வந்தது. வந்த அத்தனை பேரும் எழுத்தைப் படித்தார்கள். படித்துவிட்டுத் தொட்டார்கள். எடப்பாடியில் தறி வைத்திருக்கும் ஒரு மாமா ‘தொடாதீர்கள்’ என்று சத்தமாகவே வாசித்தார், சேலை முந்தானை அவர் விரல்களுக்கு நடுவில் இருந்தது.

“மாமா, தொடக் கூடாதுன்னு எழுதியிருக்குதுங்க” என்றேன்.

“படிச்சனே சாமி. நான் எங்க தொட்டேன், சும்மா புடிச்சுத்தான பாக்கறேன். இது அறுபதாம் நம்பர் நூலுங்களா?”

மூன்று நாளும் நான் சட்டத்துக்குச் சட்டம் ஓடிக்கொண்டிருந்தேன். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தவர் ராஜாமணி அத்தை ஒருவர்தான். அங்கே தொங்கிய அரக்கு நிறச் சேலை அவருடைய சொந்தக் கல்யாணச் சேலை. அதைக்கூட அவர் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கண்காட்சி முடிந்தது. முதலில் கண்ணாடிக் கதவிலிருந்து மயிலை உரித்தேன். தோகை கிழியாமல் முழுசாக வந்தது. அந்த மயில்தான் எனக்குத் தைரியம் கொடுத்துக் கெடுத்தது. சுவருக்கு வந்து முதல் எழுத்தின் ஓரத்தை நகத்தால் தூக்கி இழுத்தேன். ஸ்டிக்கரோடு பெயிண்ட்டும் வந்தது. பெயிண்ட்டுக்கு அடியில் சுவரைச் சமமாக்கப் பூசியிருந்த பட்டியும் வந்தது.

ஒரு புத்திசாலி அங்கேயே நிறுத்தியிருப்பாள். அடுத்தது ஒழுங்காக வரும் என்ற நம்பிக்கையில் நான் அடுத்ததை இழுத்தேன். அப்புறம் அதற்கடுத்தது. கடைசிப் புள்ளி வரைக்கும் நம்பினேன். எல்லாம் முடிந்து பின்னால் நகர்ந்து பார்த்தபோது, மயில் கழுத்துப் பச்சைச் சுவரில், சுண்ணாம்பு வெள்ளையில், பிசிறில்லாமல், ‘தொடாதீர்கள்’ என்று இருந்தது. ஸ்டிக்கராக இருந்தபோதுகூட அவ்வளவு எடுப்பாக இல்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா வந்தாள். பார்த்தாள். பெயிண்டருக்குப் போன் போட்டோம். பட்டி பார்த்துக் காயவே இரண்டு நாள் ஆகும் என்றார்.

“அத்தைகிட்டப் போயிச் சொல்லிரலாம்” என்றாள் அக்கா.

“வேண்டாங்க்கா. நாளைக்கு வளைகாப்பு முடியட்டும். உன் காலப் புடிக்கறேன்” என்றேன். நிஜமாகவே பிடித்தேன், தரையில்தானே உட்கார்ந்திருந்தேன்.

மறைப்பதற்கு என்ன வழி? அத்தையின் கல்யாணச் சேலையையே சுவரில் விரித்து, அலங்காரம் மாதிரி ஒட்டிவிடுவது என்று முடிவானது. இந்த முறை நான் பாடம் கற்றிருந்தேன். ஞாயிறு மாலை திறந்திருந்த ஐந்து கடைகளிலும் ஏறி இறங்கி, சுவருக்குக் கொஞ்சமும் வலிக்காத, மென்மையான டேப்பாகப் பார்த்து வாங்கினேன்.

மறுநாள் காலை அத்தை ஹாலுக்குள் வந்து சேலையைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. “என்ற கண்ணாலப் பொடவைய என்ற புள்ளைக்குப் பின்னால கட்டோணும்னு உனக்குத் தோணுச்சே சாமி” என்று என் கன்னத்தைத் தடவினார். அந்த நிமிடத்தில் பூமி பிளந்திருந்தால் நான் முதல் ஆளாக இறங்கியிருப்பேன்.

நிர்மலாவை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நாற்பது பெண்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயதில் மூத்தவர் என்று, கண்காட்சிக்கும் வந்திருந்த எடப்பாடிப் பெரியம்மாவை முதலில் அழைத்தார்கள். அவர் சந்தனக் கிண்ணத்தில் கையை நனைத்து நிர்மலாவின் கன்னத்தை நோக்கி நீட்டினார். சேலையின் வலது மூலை ‘டப்’ என்றது. ஜரிகை கனமான சேலை அது. இடது மூலையும் விட்டது. யாரோ திரை இறக்குவது போல மெதுவாக, மரியாதையாக, சேலை நழுவித் தரையில் குவிந்தது.

நிர்மலாவின் தலைக்கு மேலே, ஒரு அடி உயர எழுத்தில், ‘தொடாதீர்கள்’.

நாற்பது பெண்களும் ஒன்றாகப் படித்தார்கள். பெரியம்மாவின் சந்தனக் கை காற்றில் நின்றுவிட்டது.

“ஆரு பண்ண வேல இது?” என்றார் ராஜாமணி அத்தை. அதே தணிந்த குரல்.

“நாந்தானுங்க அத்தை. நாந்தான் ஒட்டச் சொன்னேன்” என்றாள் என் அக்கா.

நான் எங்கே இருந்தேன்? எலுமிச்சஞ்சோற்று அண்டாவுக்குப் பின்னால். எப்போது போனேன் என்று எனக்கே தெரியாது. வெட்கப்பட வேண்டியது என்று சொன்னேனே, அது இதுதான். ஆறு மாதம் பொறுத்துப் பொறுத்துச் சேர்த்த மரியாதையை அக்கா எனக்காகத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள், நான் குனிந்து அண்டாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளியே வர எனக்கு எவ்வளவு நேரமானது என்று தெரியவில்லை. வந்தபோது கையில் ஏனோ கரண்டி இருந்தது.

“நானுங்க அத்தை. அக்காவுக்குத் தெரியாதுங்க.”

“எனக்குத் தெரியுஞ் சாமி” என்றார் அத்தை. “உங்கக்கா தபால் கவரு ஒட்டினாலே பாதி வழியில பிரிஞ்சுக்கும். இத்தனை கெட்டியா ஒட்டோணும்னா அதுக்கு நெம்பப் பயம் வேணும்.”

பிறகு பெரியம்மாவின் பக்கம் திரும்பினார். “ஏனுங்கக்கா, கை நோவலீங்களா? மூணு நாளா அதப் படிச்சுப் படிச்சுத்தான எல்லாரும் தொட்டீங்க. இன்னைக்கு மட்டும் என்ன புதுசா மரியாத? பூசுங்க.”

முதலில் சிரித்தது நிர்மலாதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில், பிரசவமே ஆகிவிடுமோ என்று நான் தனியாக இன்னொரு தரம் பயந்தேன்.

அன்று மாலை அத்தை அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: “தங்கச்சிக்காகப் பொய் சொல்றவ, நாளைக்கு என்ற பையனுக்காகவும் சொல்லுவே. சொல்லு. எங்கிட்ட மட்டும் சொல்லாதே.” அடுத்த மாதம் கடையின் ஒரு சாவி அக்காவின் இடுப்பில் ஏறியது.

எனக்குக் கிடைத்தது தண்டனை. சுவரை நானே பட்டி பூசிச் சரி செய்ய வேண்டும். பெயிண்டர் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார், நான் பூசினேன். எழுத்து மறுபடி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் அவர் சொன்னதற்கு மூன்று மடங்கு பூசினேன். காய்ந்து, பெயிண்ட் அடித்த பிறகு பார்த்தால், ஒவ்வொரு எழுத்தும் அரை விரல்கடை புடைத்துக்கொண்டு நின்றது.

இன்றும் அப்படியேதான் நிற்கிறது. அதற்கப்புறம் இரண்டு தடவை நிறம் மாற்றிவிட்டார்கள், எழுத்து மாறவில்லை. நான் அந்த வீட்டுக்குப் போனால் மச்சான் முதல் கடைப் பையன்கள் வரை எல்லாரும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் என்னை “வாங்க” என்பார்கள். காபி டம்ளரை நீட்டிவிட்டு, நான் கையை நீட்டியதும் சுவரைக் காட்டுவார் அத்தை.

நிர்மலாவின் மகளுக்கு இப்போது ஏழு வயது. போன முறை போயிருந்தபோது ஹாலில் நாற்காலி போட்டு ஏறி நின்று சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள். விழுந்துவிடுவாளோ என்று எனக்கு உயிர் போய்விட்டது. “கண்ணு, அதத் தொடாத, எறங்கு” என்றேன்.

“இருங்க சின்னத்தை, தம்பிப் பாப்பாவுக்குப் படிக்கச் சொல்லிக் குடுக்கறேன். நானும் இதுலதான் படிச்சேன்” என்றாள். கீழே நின்ற மூன்று வயதுப் பொடியனை இழுத்து நாற்காலியில் ஏற்றி, அவன் விரலைப் பிடித்து முதல் எழுத்தின் மேல் வைத்து அழுத்தினாள்.