கவனிக்கப்பட்ட நல்லகாமன்

வாழ்க! திருமங்கலத்துக் கரிசலில் தோன்றி, பி.காம். பட்டம் ஏந்தி, மூன்று நேர்முகத் தேர்வுகளில் மண்ணைக் கவ்வியும் மீசை தாழாத மாவீரன் நல்லகாமன் வாழ்க! ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஆடி மாதத்தில், திருப்பரங்குன்றத்து நூலாலை அலுவலகத்தில் அவன் நிகழ்த்திய பெரும்போரைப் பாடத் துணிந்தேன். கலைமகளே, என் பேனாவில் கொஞ்சம் மை ஊற்று!

எதிரி யாரென்றால், காகிதம். நான்கு பக்கம், தொண்ணூறு வாக்கியம், ஒவ்வொன்றின் ஓரத்திலும் 'ஆம்', 'இல்லை' என இரு கட்டங்கள். ஸ்டோர் கீப்பராக வருபவனின் குணத்தில் கோணல் உண்டா என்பதை அவன் கையாலேயே எழுதி வாங்கும் சூழ்ச்சிப்பொறி அது. ஆங்கிலத்திலிருந்து அதைத் தமிழாக்கியவள் ஆலையின் மனநல ஆலோசகி வித்யாஸ்ரீ. வேலை கிடைத்தால்தான் மகள் ரோகிணியைத் தருவேன் என்று தாய்மாமன் பேச்சிமுத்து சபதமிட்டிருந்தபடியால், வீரனின் பென்சில் முனையில் ஒரு கல்யாணமே தொங்கிக்கொண்டிருந்தது.

'எனக்குப் பகைவர்கள் உண்டு.' பங்காளி இல்லாத குடும்பம் எது? ஆம்! 'நான் நகர்ந்ததும் என்னைப் பற்றிப் பேசுகிறார்கள்.' கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் வேறெதைப் பேசுவார்கள்? ஆம்! 'என்னைச் சிலர் விடாமல் கவனிக்கிறார்கள்.' இங்கே வீரன் மெய்சிலிர்த்தான். பழங்காநத்தத்து மாமன் வீட்டில் நாற்காலி இழுத்துப்போட்டு, மின்விசிறியை இவன்பக்கம் திருப்பி, வேண்டாம் வேண்டாம் என்று கை மறைக்க மறைக்க இலையில் விழுந்த குடல்குழம்பு கண்முன் வந்து நிற்க, நன்றிப் பெருக்கில் தாள் கிழியுமளவு அழுத்தினான். ஆம்!

வித்யாஸ்ரீ கூட்டிப் பார்த்தாள். சந்தேகக் குணம் என்ற கட்டம் நிரம்பி வழிந்தது. இவனிடம் ஸ்டோர் சாவியைக் கொடுப்பதாவது! ஆனாலும் கடமை தவறாத அந்தக் காரிகை, அறைக்கதவை அகலத் திறந்துவைத்துக்கொண்டு அவனை அழைத்தாள்.

"அண்ணே, உங்களை யாரு கவனிக்கிறாங்க?"

"எங்க மாமாதேன் மேடம். அத்தையும் சேந்துக்கிருவாக."

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருசமா. அந்தப் பக்கம் போனாலே விடமாட்டாக. கெடாக்கறி, முட்டை, பாயாசம்னு, அம்புட்டுக் கவனிப்பு!"

வித்யாஸ்ரீயின் கையிலிருந்த பேனா நழுவியது. மதுரையிலேயே பிறந்து, வருகிற விருந்தாளியையெல்லாம் 'நல்லாக் கவனிங்க' என்று சொல்லியே வளர்ந்தவளை, 'கண்காணிக்கிறார்கள்' என்று வரவேண்டிய இடத்தில் அகராதியை நம்பிப் போட்ட ஒரு சொல் காலை வாரிவிட்டது. வெட்கமும் சிரிப்பும் ஒருசேரப் பொங்க, வாக்கியம் வாக்கியமாக வாய்விட்டு விசாரித்தாள். அவன் பங்காளியையும் கல்யாணப் பேச்சையும் விளக்க விளக்க, சந்தேகப் படைகள் ஒவ்வொன்றாகப் புறமுதுகிட்டன. 'கவனிக்கிறார்கள்' என்ற வாக்கியத்தின்மேல் அவளே குறுக்குக் கோடு கிழித்தாள்.

வெற்றி கண்ட வீரன் எழுந்தான்; மார்பை நிமிர்த்தினான்; எண்திசையும் அதிர முழங்கினான்.

"வேலைய மட்டும் போட்டுக் குடுங்க மேடம், உங்களையும் நல்லாக் கவனிச்சிருவோம்!"

அண்டம் உறைந்தது. மேசைமேல் பறந்த ஈயும் நடுவானில் நின்றது. இது மிரட்டலா, லஞ்சமா, விருந்தா? மும்முனை வேலெனப் பாய்ந்த அச்சொல்லின் முன் ஆலோசகி நீள்பெருமூச்சொன்று விட்டு, நெற்றியைத் தடவி, கையெழுத்திட்டு, வாய் திறந்தாள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு, மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு வேலைக்கு வரச் சொன்னாள்.