சாவி கைமாறும் வரை சொந்தம்

ஷோரூம் சொந்தக்காரரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். முதலாளியைச் சொல்லவில்லை, கார் விற்கிறவரைச் சொல்கிறேன். பெண் கொடுத்து, பெண் எடுத்து வந்த சொந்தம் இல்லை இவர். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நீங்கள் உள்ளே நுழைந்த நொடியில் பிறந்து, புதுக் காரின் சாவி உங்கள் கைக்கு வந்த நொடியில் செத்துப்போகிற சொந்தம். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், காது வரைக்கும் சிரிப்பு. ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ என்று பெரியவர்கள் இவரைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

எனக்கு இவர் அறிமுகமானது அக்கா கார் வாங்கப் போனபோது. அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவள் கணவரை, அதாவது என் அத்தானை, பக்கவாதம் வலது பக்கமாகச் சாய்த்துவிட்டது. வாரம் மூன்று நாள் அவரைப் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக வேண்டும். முதல் ஆறு மாதத்தை வீணாக்கினால் கை கால் திரும்புவது கஷ்டம் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். வாடகை வண்டிக்காரர்களோ அவரை ஏற்றி இறக்க ஆகும் நேரத்தைப் பார்த்ததும், 'சவாரி ரத்து' என்று போனில் செய்தி அனுப்பிவிட்டு மறைந்தார்கள். அக்கா யாரையும் கெஞ்சவில்லை. அந்த வயதில் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து, பிள்ளைகள் வயதுள்ளவர்களோடு வரிசையில் நின்று, லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். பேரம் பேசுவதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு. அதனால் கூடப் போனேன். படிவத்தில் போன் நம்பர் என்ற இடத்தில் என் நம்பரையே கொடுத்தேன்.

அடுத்த ஒரு மாதம் எங்களுக்கு நடந்த உபசாரம் மாப்பிள்ளைக்குக்கூட நடக்காது. விடிந்தால் ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம், என் மகளுக்குப் பரீட்சை என்று தெரிந்ததும் அதற்கொரு வாழ்த்து, கலர் அட்டையைக் காட்ட வீடு தேடி வந்தவர் அத்தானின் விளங்காத கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் பேசிய பேச்சு. "அக்கா, இனிமே இவர் எனக்கும் அத்தான்தான். ராத்திரி பன்னெண்டு மணின்னாலும் ஒரு போன் போடுங்க, வந்து நிப்பேன்." அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், மறைப்பானேன்?

டெலிவரி நாளில் காரின் மேல் போர்த்தியிருந்த சிவப்புத் துணியை உருவினார்கள், கேக் வெட்டினார்கள், கணக்குப் பிரிவு முதல் காவலாளி வரை எல்லாரும் வரிசையாக நின்று கைதட்டினார்கள். தெர்மாக்கோலில் செய்த ஆளுயரச் சாவி ஒன்றை அக்காவின் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். பிறகு அந்தச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், அடுத்த ஆளுக்கு வேண்டுமாம். சொந்தமும் அதோடு சரி.

நாலாவது நாள் கார் சிக்னலில் நின்றது. நின்றது என்றால், எஞ்சின் அணைந்து, ஸ்டியரிங் கல்லாகி, மரக்கட்டையாக நின்றது. பேச்சு பல்லக்கு, தம்பி கால்நடை. நான் ஷோரூம் சொந்தக்காரருக்குப் போன் செய்தேன்.

"யாரு சார் பேசுறது?"

சொன்னேன்.

"எந்த வண்டி சார்?"

அதையும் சொன்னேன்.

"ஓ, டெலிவரி ஆயிடுச்சா? அப்ப அது சர்வீஸ் சார். நான் சேல்ஸ்."

சேல்ஸுக்கும் சர்வீஸுக்கும் இடையில் ஒரு சுவர்தான். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் அத்தானாக இருந்தவர் அந்தப் பக்கம் போனதும் 'பேஷண்ட்' ஆகிவிட்டார். அக்கா 'மேடம்' ஆகிவிட்டாள். அங்கே கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் சர்வீஸ் அட்வைசர், அதே இனத்தின் இன்னொரு கிளை. இவர் சிரிக்க மாட்டார். நிமிர்ந்தும் பார்க்க மாட்டார்.

"புது வண்டி அப்படித்தான் இருக்கும் மேடம். ஓட ஓடச் சரியாயிடும்."

"ஓட மாட்டேங்குதுன்னுதானே தம்பி வந்திருக்கேன்?"

நான்கு மணி நேரம் வைத்திருந்து காரைப் பளபளவென்று கழுவிக் கொடுத்தார்கள். எந்த வியாதிக்கும் குளிப்பாட்டி அனுப்புகிற வைத்தியம் அங்கேதான் நடக்கிறது. இரண்டு நாளில் கார் மறுபடி நின்றது. மறுபடி போனோம், மறுபடி கழுவினார்கள். இந்தத் தடவை அட்வைசர் ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தார். "மேடம் இப்பதான் ஓட்டக் கத்துக்கிட்டாங்களா?"  அக்காவின் முகம் சிவந்ததை நான் பார்த்தேன். காலை எட்டு மணிக்கு ஓட்டுநர் பள்ளி வாசலில் நின்ற பொம்பளையை, ஒரு எஞ்சினைத் திறந்துகூடப் பார்க்காதவன் கேட்கிற கேள்வியா இது?

அன்று சாயங்காலம் என் போனில் ரோஜாப்பூ வந்தது. பின்னாலேயே குரலும் வந்தது, அதே பழைய வெல்லக்குரல். "அண்ணே, நாளைக்குக் கம்பெனியிலேருந்து போன் வரும். பத்துக்குப் பத்து போட்டுடுங்க. ஒன்பது போட்டாக்கூட எங்களுக்கு முட்டைதான். சர்வீஸ்ல நான் சொல்லிவெச்சிருக்கேன், முடிச்சுடுவாங்க. உங்கள மாதிரி பெரிய மனுஷங்கதான் எங்களைக் காப்பாத்தணும்."

மறுநாள் போன் வந்தது. எங்கள் சர்வீஸுக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் எத்தனை மார்க் சார் என்று ஒரு பெண் கேட்டார். நானும் பெரிய மனுஷன் ஆனேன்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை மேம்பாலத்தின் ஏற்றத்தில், பின்னால் நூறு வண்டி நிற்க, கார் நின்றது. ஹாரன் காதைப் பிளந்தது. எவனோ ஒருவன் ஜன்னல் பக்கம் வந்து அக்காவை வாய்க்கு வந்தபடி திட்டினான். அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாமல் அத்தான் இடது கையால் கதவைத் திறந்து, இறங்கி, வண்டியைத் தள்ளப் பார்த்திருக்கிறார். நிற்கவே முடியாத மனுஷன். விழுந்துவிட்டார். அடி பெரிதில்லை, முழங்கையில் சிராய்ப்பு. ஆனால் அன்றோடு சிகிச்சைக்குப் போக மறுத்துவிட்டார். "எனக்காக நீ நடுரோட்டுல பேச்சு வாங்க வேணாம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இழுவை வண்டியில் காரை ஏற்றிக்கொண்டு அக்காவும் நானும் மூன்றாவது தடவை போனோம். அட்வைசர் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"உங்க கம்ப்ளெயிண்ட் முடிஞ்சுபோச்சே மேடம். கஸ்டமர் பத்துக்குப் பத்து போட்டிருக்காங்க. முழுத் திருப்தின்னு இருக்கு பாருங்க. இனி புதுசா எழுதித்தான் வரிசையில வரணும். இருபது நாள் ஆகும்."

அக்கா திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உனக்கு ஏதாவது போன் வந்துச்சாடா?"

"இல்லையேக்கா. இவங்க சிஸ்டத்துல ஏதோ கோளாறு. நீ கவலைப்படாதே, நான் பேசிக்கிறேன்."

இவ்வளவு வழவழப்பாக என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அட்வைசருக்கு மட்டும் தெரிந்தது. அத்தனை நாளில் முதல் தடவையாக அவர் நிமிர்ந்து, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இருபது நாளில் இன்றைக்குப் பதினொன்று ஆகிறது. அத்தான் சுவர்ப்பக்கமே படுத்திருக்கிறார். அக்கா அவருடைய விரல்களைத் தானே மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுக்கிறாள். நான் தினமும் போய் விசாரித்துவிட்டு வருகிறேன், உண்மையை மட்டும் சொல்வதில்லை. வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் என்னைக் காறித் துப்பலாம், தாராளமாக. ஆனால் அதற்கு முன் ஒன்று. கேட்டவர் முகத்தை முறிக்க மனமில்லாமல், அரைகுறையாக முடிந்த ஏதோ ஒரு வேலைக்கு, அதன் கஷ்டத்தை வீட்டில் இன்னொருவர் அனுபவிக்கப்போவதை யோசிக்காமல், போன மாதம் நீங்களும் ஒரு மார்க் போட்டீர்களே, எத்தனை போட்டீர்கள்?