நிகழ்ச்சி நிரலில் ஏழாவது பொருள்

நீள்கரை என்றொரு மாகாணம் இருந்தது. அங்கே மழை பெய்யும், வெயில் அடிக்கும், சட்டசபை கூடும். முதல் இரண்டும் எப்போது வரும் என்று ஜனங்கள் வானத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். மூன்றாவதை அலுவல் ஆய்வுக் குழு முடிவு செய்யும். அந்தக் குழு எப்போது கூடும் என்பதையும் அந்தக் குழுவே முடிவு செய்யும்.

சபையில் இருநூற்றுப் பத்து உறுப்பினர்கள். அவைத்தலைவர் ஆபத்சகாயம் மரியாதை தெரிந்த மனிதர். எதிரே வருகிறவர் கும்பிடுவதற்கு முன்பே இவர் பதில் கும்பிடு போட்டுவிடுவார். சும்மா சொல்லக் கூடாது, அவர் ஒருவரையும் அதட்டிப் பேசியதில்லை. இந்தக் கதையில் நடந்த அத்தனை அநியாயமும் அந்த மரியாதையால்தான் நடந்தது.

சபைக்குப் பழைய வழக்கம் ஒன்று உண்டு. உறுப்பினர் யாராவது காலமானால், முதல் அலுவலாக இரங்கல் தீர்மானம் வாசிப்பார்கள், இரண்டு நிமிடம் எழுந்து நிற்பார்கள், பிறகு துக்கத்துக்கு மரியாதையாக அவையை ஒத்திவைத்துவிடுவார்கள். அன்றைக்கு வேறு எந்த அலுவலும் கிடையாது. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. உறுப்பினர்கள் அடிக்கடி காலமாகிறவர்களும் அல்ல. நன்றாகச் சாப்பிட்டார்கள், நல்ல வைத்தியர்களைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

மாகாணத்தின் தெற்கு மூலையில் கோரைப்பள்ளம் என்ற ஊர். பாய் முடைகிற கோரையை அறுத்துப் பிழைக்கிற ஜனம். ஆள் உயரக் கோரைக்குள் நல்ல பாம்பு கிடக்கும். கடித்தால் மருந்து உண்டு. ஆனால் அந்த மருந்து இரண்டு நாள் வண்டிப் பயணத்தில், தலைநகரத்துக் கிடங்கில் பூட்டிக் கிடந்தது. சபையின் அனுமதியில்லாமல் ஒரு குப்பியைக்கூட வெளியே எடுக்கக் கூடாது என்று சட்டம். தலைநகரத்தில் யாரையும் பாம்பு கடித்ததாகத் தகவல் இல்லை.

அந்த ஊரில் தங்கக்கனி என்று ஒரு பெண். அறுப்புக்குப் போன புருஷனைப் பாம்பு கடித்து வண்டியிலேயே பறிகொடுத்தவள். மிச்சம் இருந்தது பதினெட்டு வயது மகள் மாரிக்கொழுந்து மட்டும். அவளும் கோரைக்குள் இறங்க வேண்டியவள்தான். அந்தப் பயத்தில் தங்கக்கனி தலைநகரம் போய், தொகுதி உறுப்பினர் தேவசிகாமணியின் வாசலில் நாலு நாள் உட்கார்ந்து, ஒரு மனுவைக் கொடுத்துவிட்டு வந்தாள். ‘மருந்தில் ஒரு பங்கைக் கோரைப்பள்ளம் வைத்தியசாலையில் வைக்கலாம்.’ ஒரே ஒரு வரி. அரை நிமிட வேலை. அடுத்த அமர்வின் நிகழ்ச்சி நிரலில் அது ஏழாவது பொருளாக ஏறியது.

அமர்வுக்கு முன்பே கோரைப்பள்ளத்தில் இன்னும் இரண்டு பேர் பாம்பு கடித்துப் போய்விட்டார்கள். அமர்வன்று தேவசிகாமணி சபையில் எழுந்தார்.

“அவைத்தலைவர் அவர்களே! உறுப்பினர் இறந்தால் எழுந்து நிற்கிறோம். என் தொகுதி ஏழை இறந்தால் உட்கார்ந்திருக்கிறோமே, இது நியாயமா? நிகழ்ச்சி நிரலில் உள்ள ஒரு பொருள் தொடர்பாக யார் இறந்தாலும் அவர்களுக்கும் இதே மரியாதை வேண்டும்!”

அடேயப்பா, என்ன கைதட்டல்! எதற்கெடுத்தாலும் அடித்துக்கொள்கிற இரண்டு கட்சிகளும் அன்று ஒன்றாக மேசையைத் தட்டின. ஆபத்சகாயம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விதி அங்கேயே திருத்தப்பட்டது. இறந்த இருவருக்காக இருநூற்றுப் பத்துப் பேரும் எழுந்து நின்றார்கள். பிறகு அவை ஒத்திவைக்கப்பட்டது. ஏழாவது பொருள் அடுத்த மாதத்துக்குப் போனது.

அடுத்த மாதம் ஒருவர். ஒத்திவைப்பு. அதற்கடுத்த மாதம் மூன்று பேர். ஒத்திவைப்பு. மருந்து இல்லாததால் சாவு, சாவு விழுந்ததால் மரியாதை, மரியாதை செய்ததால் மருந்து இல்லை. இதை ஒரு உறுப்பினராவது கவனித்திருப்பாரா என்று கேட்டால், கவனித்தார்கள். மற்ற மசோதாக்கள் தேங்கிவிட்டனவே என்று கவனித்தார்கள்.

அலுவல் ஆய்வுக் குழு அவசரமாகக் கூடியது. துக்கத்தால் அவை ஒத்திவைக்கப்படும் நாட்களில், மற்ற பொருள்கள் எல்லாம் வாசித்து விவாதித்து நிறைவேறியதாகவே கருதப்படும் என்று முடிவாயிற்று. ஏழாவது பொருளையும் அப்படியே கருதிவிடலாமே என்று யாரோ முனகினார்கள்.

ஆபத்சகாயம் பதறிப்போனார். “சாவு சம்பந்தப்பட்ட பொருளை விவாதிக்காமல் தள்ளிவிடுவதா? இறந்தவர்களுக்கு அதைவிட அவமரியாதை உண்டா?”

அடுத்த அமர்வில் கருதப்பட்டே நிறைவேறிய சட்டங்களில் ஒன்று, மாகாணக் கொடியில் நாகம் இருப்பதால் பாம்பை அடிப்பது குற்றம் என்பது. கோரைப்பள்ளத்தில் மணியக்காரர் தண்டோரா போட்டார். அதுவரை தடியோடு கோரைக்குள் இறங்கியவர்கள், அன்றுமுதல் வெறுங்கையோடு இறங்கினார்கள்.

அப்புறம் இன்னொரு யோசனை வந்தது. இரண்டு நிமிடம் எழுந்து நின்றுவிட்டுப் போவதற்கு மாதா மாதம் இருநூற்றுப் பத்துப் பேர் பயணம் செய்வது வீண் அலைச்சல் இல்லையா? ஆகவே அமர்வு இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. தள்ளிப்போகும் துக்கங்களை மொத்தமாக அனுசரித்துக்கொள்ளலாம்.

தங்கக்கனி மறுபடி தலைநகரம் போனாள். இந்த முறை தேவசிகாமணி வாசலுக்குப் போகவில்லை. நிகழ்ச்சி நிரலை எழுதுகிற அய்யாக்கண்ணு என்ற எழுத்தரைப் பிடித்தாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“இங்க பாருங்கம்மா, வழி ஒண்ணுதான். இந்த அமர்வுக்கும் அடுத்த அமர்வுக்கும் நடுவுல உங்க ஊர்லேர்ந்து பாம்புக்கடிச் சாவுன்னு ஒரு பேர்கூட வரக் கூடாது. இரங்கல் இல்லேன்னா அவை நடக்கும். நடந்தா ஏழாவது பொருள் வரும். வந்தா அரை நிமிஷம்.”

“மனுசங்க சாகாம இருக்கறது எங்க கையிலயா இருக்கு?”

“எனக்குத் தெரிஞ்சதச் சொன்னேன் தாயி. நான் சொன்னேன்னு வெளிய சொல்லிடாதீங்க.”

அவள் ஊருக்கு வந்து எல்லாரையும் கூப்பிட்டு, “ஆறு மாசத்துக்கு யாரும் பாம்பு கடிச்சுச் சாகக் கூடாது” என்றாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. உள்கோரையை விட்டுவிட்டு ஓரத்தில் மட்டும் அறுத்தார்கள். பாய் பாதியாகக் குறைந்தது, கஞ்சியும் பாதியாகக் குறைந்தது. வயிறு ஒட்டிப்போனாலும் நாளை எண்ணிக்கொண்டு கிடந்தார்கள். ஐந்து மாதம் இருபத்தேழு நாள் ஒரு சாவு இல்லை.

இருபத்தெட்டாம் நாள் காலையில், குளிக்கப் போன மாரிக்கொழுந்தைக் குளத்துப் படியில் பாம்பு கடித்தது. வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வைத்தியர் காலி அலமாரியைத் திறந்து காட்டினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, கண்ணு மங்குதும்மா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள் அந்தப் பெண். அது வைத்தியரின் கை என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. வெயில் ஏறுவதற்குள் போய்விட்டாள்.

தங்கக்கனி ஒப்பாரி வைக்கவில்லை. சங்கு வேண்டாம் என்றாள், பறை வேண்டாம் என்றாள். உச்சி வெயிலில், குளத்துக்குப் பின்னால், நாலே பேர் குழி வெட்டினார்கள். மற்றவர்கள் மணியக்காரர் கண்ணுக்கு எதிரே வழக்கம்போல் கோரை அறுத்துக்கொண்டிருந்தார்கள். வைத்தியரும் அன்றைய பதிவேட்டில் ஒன்றும் எழுதவில்லை.

நாத்தனார் பேச்சிக்குத்தான் தாங்கவில்லை. “மதினி, ஒரே ஒரு தடவ வாய்விட்டு அழுதிரு. நெஞ்சு வெடிச்சுச் செத்துருவ.”

“அழுதா மணியக்காரருக்குக் கேக்கும். கேட்டா எழுதி அனுப்பிருவாரு. அனுப்புனா சபை எந்திரிச்சு நின்னுட்டுக் கலைஞ்சிரும். இன்னும் ஆறு மாசம், பேச்சி. ஒம் மகளும் அதே குளத்துக்குத்தான் போறா.”

முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, பெற்ற மகளுக்கு ஒரு கைப்பிடி மண் போட்டாள். அப்படியே வண்டி ஏறினாள். இங்கேயே நின்றுவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் சபை நடவடிக்கையைச் சொல்ல வந்தவன் சபைக்குப் போயாக வேண்டும்.

மூன்றாம் நாள் சபை கூடியது. பார்வையாளர் மாடத்தில் தங்கக்கனி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இரங்கல் பட்டியலை வாசிக்க எழுந்த செயலாளர், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பட்டியலில் யாரும் இல்லை” என்றார். நிமிர்ந்து உட்கார்ந்தார்கள் உறுப்பினர்கள். முதல் ஆறு பொருள்களும் பத்தே நிமிடத்தில் நிறைவேறின. தங்கக்கனி மாடத்துக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“ஏழாவது பொருள்” என்றார் ஆபத்சகாயம். “கோரைப்பள்ளம், பாம்புக்கடி மருந்து.”

தேவசிகாமணி எழுந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

“அவைத்தலைவர் அவர்களே! ஆறு மாதமாக என் தொகுதியில் ஒரு பாம்புக்கடிச் சாவுகூட இல்லை. மாண்புமிகு முதன்மந்திரியின் ஆட்சியில் பாம்புகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு அடங்கிக் கிடக்கிறது. மருந்தே தேவைப்படாத ஊராகக் கோரைப்பள்ளத்தை ஆக்கியதற்கு இந்த அவை அரசுக்கு நன்றி தெரிவிக்க வேண்டும்!”

மேசைகள் அதிர்ந்தன. எதிர்க்கட்சித் தலைவர் எழுந்து, பாம்புகள் அடங்கியதில் முந்தைய ஆட்சிக்கும் பங்கு உண்டு என்று பதிவு செய்யக் கேட்டுக்கொண்டார். பதிவு செய்யப்பட்டது. “ஏழாவது பொருள் தேவையற்றதாகிவிட்டபடியால் நிகழ்ச்சி நிரலிலிருந்து நீக்கப்படுகிறது” என்றார் ஆபத்சகாயம்.

தங்கக்கனிக்கு அந்தப் பாஷை புரியவில்லை. பக்கத்தில் நின்ற அவைக்காவலரிடம், “மருந்து குடுக்கறாங்களா ஐயா?” என்றாள்.

“இல்லம்மா. உங்க ஊர்லதான் யாரும் சாகலியே. நீக்கிட்டாங்க.”

அவள் எழுந்தாள். “ஐயா! எம் மக செத்து மூணு நாளாச்சுய்யா! பாம்பு கடிச்சுத்தான்யா செத்தா! நான்தான் மறைச்சேன்!”

செயலாளர் குனிந்து, பொருள் நீக்கப்பட்டுவிட்டதால் விதிப்படி இரங்கல் அவசியமில்லை என்று அவைத்தலைவர் காதில் சொன்னார். ஆபத்சகாயம் அவரைக் கையமர்த்தினார்.

“விதி இருக்கட்டும், நாம் மனிதர்கள் அல்லவா?” என்றவர், மாடத்தைப் பார்த்துக் கனிவாகக் கேட்டார். “மகள் பெயர் என்னம்மா?”

“மாரிக்கொழுந்துய்யா.”

“வயது?”

“பதினெட்டுய்யா. வர்ற தையில பத்தொம்பது.”

செயலாளர் எழுதிக்கொண்டார். பேரை எழுதுகிறார்கள், ஏதோ செய்யப்போகிறார்கள் என்று அவள் முகம் ஒரு கணம் தெளிந்தது. ஆபத்சகாயம் எழுந்து நின்று கைகளைக் கோத்துக்கொண்டார். “செல்வி மாரிக்கொழுந்தின் மறைவுக்கு இந்த அவை ஆழ்ந்த இரங்கலைத் தெரிவிக்கிறது.” இருநூற்றுப் பத்துப் பேரும் எழுந்து தலையைக் குனிந்தார்கள்.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. மூன்று நாளாக அடக்கி வைத்திருந்தது அத்தனையும் உடைந்துகொண்டு வந்தது. “ஏ ஆத்தா... மாரிக்கொழுந்தே... எங்கண்ணே...” என்று மார்பில் அடித்துக்கொண்டு அவள் கதறிய கதறல் சபை முழுக்கக் கேட்டது. ஒருவரும் தலையை நிமிர்த்தவில்லை.

அவைக்காவலர் இருவர் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தார்கள். “ஷ்... சத்தம் போடக் கூடாதும்மா! மௌன அஞ்சலி நடக்குதுல்ல!”

அவள் அடங்கவில்லை. தூக்கிக்கொண்டு போய் வெளியே விட்டார்கள். உள்ளே மிச்சமிருந்த ஒன்றேகால் நிமிடம் அமைதியாகக் கழிந்தது. அன்றைய அவைக் குறிப்பில், மௌன அஞ்சலிக்கு இடையூறு விளைவித்த பார்வையாளர் ஒருவர் வெளியேற்றப்பட்டார் என்றும், பட்டியலிட்ட ஏழு பொருள்களும் ஒரே அமர்வில் முடிக்கப்பட்டது இந்த அவையின் வரலாற்றில் இதுவே முதல் முறை என்றும் எழுதினார்கள்.